கேப் இடமும் இல்லை, பிக்கும் அதிகம் இல்லை: ஏப்ரனுக்கு மேலே நிற்கும் நல்ல அணியை எப்படி மேம்படுத்துவது?

சாட்ஸ்வொர்த் குணா (டர்பன்)

எல்லோருக்கும் வணக்கம். டர்பனில் எங்கள் வட்டத்தில் ஆளுக்கொரு அணியைக் காகிதத்தில் நடத்துகிறோம். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் 2025-26 சீசன் விதிகளும் எண்களும் அப்படியே பொருந்தும். என் கையில் இருப்பது சாம்பியன்ஷிப்புக்கு நிற்கிற அணி, ஆனால் பணத்தில் மூச்சுவிட இடமில்லை.

பெயர்களை விட்டுவிட்டுச் சம்பளத்தை மட்டும் தருகிறேன், எல்லாம் மில்லியன் டாலரில். மூன்று நட்சத்திரங்கள்: 50, 43, 32. சென்டர் (வளையத்தருகே ஆடும் உயரமானவர்) 22. முதல் மாற்று கார்டு (பந்தைக் கையாளுபவர்) 14. ஒரு விங் (ஓரங்களில் ஆடுபவர்) 11. பவர் ஃபார்வர்ட் 9. டிராஃப்டில் (புதுமுகங்களை அணிகள் முறைவைத்து எடுப்பது) எடுத்த இரண்டு இளைஞர்கள் 4.2, 2.6. மினிமம் கான்ட்ராக்டில் (லீக் வைத்த குறைந்தபட்சச் சம்பளம்) ஐந்து பேர், தலைக்கு 2.3. மொத்தம் 14 பேர், 199.3 மில்லியன். 2027, 2029 முதல் சுற்று பிக்குகள் (டிராஃப்டில் ஆள் எடுக்கும் வாய்ப்புகள்) முன்பே வேறு அணிகளுக்குப் போய்விட்டன. மற்ற வருடங்களுடையது என்னிடமே இருக்கிறது. போன சீசன்களில் டாக்ஸ் கட்டவில்லை.

குறைகள் இரண்டு. சென்டர் உட்கார்ந்தால் வளையத்தைக் காக்க ஆள் இல்லை. மாற்று வரிசையில் மூன்று புள்ளி போட்டுக்கொண்டே எதிரணி விங்கைத் தடுக்கக்கூடிய ஒருவரும் இல்லை. 32 மில்லியன் வாங்குபவருக்கு வயது 33. அவருக்கு அடுத்த சீசன் 34 மில்லியன் பாக்கி.

எங்கிருந்து தொடங்குவது? டிசம்பர் ஆரம்பத்தில் நிற்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாரிட்ஸ்பர்க் தேவா

தம்பி, ஆள் தேடுவதற்கு முன் எந்தக் கோட்டுக்கும் எந்தக் கோட்டுக்கும் நடுவே நிற்கிறீர்கள் என்று பாருங்கள். 2025-26ல் சேலரி கேப் (அணியின் மொத்தச் சம்பள வரம்பு, விலக்குகள் வழியாகத் தாண்டலாம்) 154.647 மில்லியன். லக்சரி டாக்ஸ் கோடு (தாண்டினால் லீக்குக்கு வரி) 187.895. அதற்கும் மேலே, தாண்டினால் கட்டுப்பாடுகள் கூடும் இரண்டு கோடுகள்: முதல் ஏப்ரன் 195.945, இரண்டாவது ஏப்ரன் 207.824. முதல் ஏப்ரனை 3.36 தாண்டிவிட்டீர்கள். இரண்டாவதற்கு இன்னும் 8.5 இருக்கிறது. உங்களுக்கு எது முடியும், எது முடியாது என்பதெல்லாம் இந்த இரண்டு எண்ணிலிருந்துதான் வருகிறது.

முடியாதவை: 14.104 மில்லியன் முழு மிட்லெவல் (கேப்பைத் தாண்டியும் ஆள் எடுக்க உதவும் விலக்கு) இல்லை. 5.134 மில்லியன் பை-ஆன்னுவல் (அதே மாதிரி சிறிய விலக்கு, அடுத்தடுத்த வருடங்களில் பயன்படுத்த முடியாது) இல்லை. சைன்-அண்ட்-டிரேட் (பழைய அணி கான்ட்ராக்ட் போட்டு உடனே அனுப்புவது) வழியாக ஆள் வாங்க முடியாது. டிரேடில் (ஆட்டக்காரர் பரிமாற்றம்) கொடுக்கும் சம்பளத்தைவிட ஒரு டாலர்கூட அதிகமாக வாங்க முடியாது.

முடிந்தவை: 5.685 மில்லியன் டாக்ஸ்பேயர் மிட்லெவல், அதிகபட்சம் இரண்டு வருடம். மினிமம் கான்ட்ராக்ட். கொடுத்த அளவுக்கோ அதற்குக் கீழேயோ வாங்கும் டிரேட். இரண்டு மூன்று பேரின் சம்பளத்தைக் கூட்டி ஒரே ஆளுக்குப் பொருத்துவது. கடைசியாகச் சொன்னதை மதிப்புக் குறைவாக எடைபோடாதீர்கள். இரண்டாவது ஏப்ரனைத் தாண்டிய அணிக்கு அது கிடையாது.

ஒரு எச்சரிக்கை. டாக்ஸ்பேயர் மிட்லெவலைத் தொட்டாலோ, சம்பளங்களைக் கூட்டி டிரேட் செய்தாலோ, டிரேடில் ரொக்கம் கொடுத்தாலோ, அந்த நிமிடத்திலிருந்து ஜூன் 30 வரை 207.824 உங்களுக்கு ஹார்ட் கேப். எந்தக் காரணத்துக்காகவும் தாண்ட முடியாது. பிப்ரவரியில் மூன்று பேர் காயத்தில் படுத்தாலும் தாண்ட முடியாது.

அடுத்து டாக்ஸ். பலர் "டாக்ஸ் அணிதானே, இன்னும் ஒருவரைச் சேர்த்தால் என்ன" என்பார்கள். கணக்கைப் பாருங்கள். கோட்டை 11.4 மில்லியன் தாண்டியிருக்கிறீர்கள். இந்த சீசனில் ஒரு படி 5.685 மில்லியன். முதல் படிக்கு டாலருக்கு 1 டாலர், இரண்டாவதுக்கு 1.25, மூன்றாவதுக்கு 3.50, நான்காவதுக்கு 4.75. இரண்டு படிகள் சேர்ந்தால் 11.37. அதாவது இரண்டாவது படியின் விளிம்பில் சரியாக நிற்கிறீர்கள். இப்போதைய டாக்ஸ் சுமார் 12.9 மில்லியன். இனி சேர்க்கும் ஒவ்வொரு டாலருக்கும் மூன்றரை டாலர் டாக்ஸ். டாக்ஸ்பேயர் மிட்லெவலை முழுதாகச் செலவழித்தால் சம்பளம் 5.7, டாக்ஸ் ஏறக்குறைய 20, ஆக மொத்தம் 25 மில்லியனுக்கு மேல். முந்தைய நான்கு சீசன்களில் மூன்றில் டாக்ஸ் கட்டிய அணியாக இருந்தால் இதே படிகளுக்கு 3, 3.25, 5.50, 6.75 என்று போகும். நீங்கள் அந்த வரிசையில் இல்லை என்பது நல்ல செய்தி.

டாக்ஸ் கணக்கு ரெகுலர் சீசனின் கடைசி நாளில் இருக்கும் தொகையை வைத்துத்தான். இன்று கோட்டுக்கு மேலே இருப்பது குற்றமில்லை. டிரேட் காலக்கெடுவுக்குள் இறங்கினால் போதும்.

இனி கீழ் வரிசை. நட்சத்திரங்களைப் பற்றிப் பேசுவதில்தான் எல்லோருக்கும் ஆசை, ஆனால் உங்கள் மாதிரி அணிக்கு லாபம் 12 முதல் 15 வரை உள்ள இடங்களில் இருக்கிறது.

மூன்று வருடமோ அதற்கு மேலோ அனுபவம் உள்ளவரை ஒரு வருட மினிமத்துக்கு எடுத்தால் உங்கள் கணக்கில் 2,296,274 டாலர்தான் ஏறும். பத்து வருட அனுபவக்காரருக்கு 3,634,153 டாலர் சம்பளம் போனாலும் மிச்சத்தை லீக் தந்துவிடும். அதே ஆளுக்கு இரண்டு வருட கான்ட்ராக்ட் கொடுத்தால் இந்தச் சலுகை போய்விடும், முழுத் தொகையும் உங்கள் தலையில் ஏறும். ஆள் நன்றாக இருக்கிறார் என்ற உற்சாகத்தில் இரண்டாவது வருடத்தை நீட்டி, ஏப்ரனில் ஒரு மில்லியனுக்கு மேல் இழக்கும் தவறு இங்கேதான் நடக்கிறது.

இன்னொரு நுணுக்கம். டிராஃப்ட் ஆகாத புதுமுகத்தை மினிமத்துக்கு எடுத்தால் அவர் வாங்குவது 1,272,870 டாலராக இருந்தாலும் டாக்ஸ், ஏப்ரன் கணக்குகளில் அதே 2,296,274 ஆகத்தான் பதிவாகும். நீங்களே டிராஃப்ட் செய்த இரண்டாம் சுற்று பையனாக இருந்தால் உண்மைச் சம்பளமே பதிவாகும். ஒரு இடத்துக்கு 1.02 மில்லியன் மிச்சம், உங்கள் படியில் டாக்ஸில் மட்டும் 3.58 மில்லியன். நியூயார்க் நிக்ஸ் 2025ல் செய்தது இதைத்தான். யாபுசெலேயை டாக்ஸ்பேயர் மிட்லெவலில் எடுத்ததால் இரண்டாவது ஏப்ரனில் ஹார்ட் கேப் விழுந்தது. கடைசியில் ஒரு வெட்டரனுக்கும் ஒரு புதுமுகத்துக்கும் மட்டும் இடம். 51வது பிக்கில் எடுத்த முகமது தியாவாராவைப் புதுமுக மினிமத்தில் உட்கார வைத்ததால்தான் லேண்ட்ரி ஷாமெட்டுக்கு இடம் கிடைத்தது. ஆகவே 50க்கு மேற்பட்ட பிக்கைக் குப்பை என்று நினைத்து டிரேடில் அள்ளிப் போடாதீர்கள்.

பதினைந்தாவது இடத்தை இப்போது நிரப்ப வேண்டாம். மினிமம் சம்பளம் நாள் கணக்கில் தேயும். சீசன் 174 நாள். பிப்ரவரி 6ல் ஒருவரை எடுத்தால் மிச்சம் 66 நாள், கணக்கில் 0.87 மில்லியன்தான் ஏறும். முழு சீசனோடு ஒப்பிட்டால் சம்பளமும் டாக்ஸும் சேர்ந்து 6.4 மில்லியன் மிச்சம்.

இன்னும் ஒன்று: போனஸ். 14 மில்லியன் கார்டுக்கோ 22 மில்லியன் சென்டருக்கோ "ஆல்-டிஃபென்ஸ் வந்தால் இவ்வளவு" என்ற மாதிரி உட்பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். கிடைக்க வாய்ப்பில்லாத போனஸ்கூட ஏப்ரன் கணக்கில் முழுதாக ஏறும். நீங்கள் எழுதிய 199.3ல் அது இருக்கிறதா?

சாட்ஸ்வொர்த் குணா (டர்பன்)

அண்ணா, பார்த்தேன். கார்டுக்கு 1 மில்லியன் போனஸ் உட்பிரிவு இருக்கிறது, கிடைக்க வாய்ப்பில்லாத வகை. ஆக ஏப்ரன் கணக்கில் 200.3.

ரோஸ் ஹில் வள்ளி (மொரிஷியஸ்)

அப்படியானால் இரண்டாவது ஏப்ரனுக்கு 7.5 என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கார்டை டிரேடில் அனுப்பினால் போனஸும் அவரோடு போய்விடும். இது பின்னால் உதவும்.

தேவா அண்ணா கீழ் வரிசையைச் சொல்லிவிட்டார். நான் நடுவரிசையைச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் அணியின் உண்மையான சொத்து அந்த 14, 11, 9தான். நட்சத்திரங்களை விற்க மாட்டீர்கள். மினிமம் ஆட்களுக்குப் பரிமாற்ற மதிப்பு இல்லை. நடுவில் இருப்பவைதான் டிரேடில் சில்லறை. நல்ல அணிகள் சில்லறையைக் கைவிடுவதே இல்லை. ஒருவர் போனால் அதே அளவு சம்பளத்தில் இன்னொருவரை வைத்துவிடுவார்கள்.

பாஸ்டனைப் பாருங்கள். 2022ல் இந்தியானாவிடமிருந்து புரோக்டனை வாங்கினார்கள். அவர் 2023ல் சிறந்த ஆறாவது ஆட்டக்காரர் விருது வாங்கினார். 2023 அக்டோபரில் அதே புரோக்டன் சம்பளத்தையும் ராபர்ட் வில்லியம்ஸ் சம்பளத்தையும் கூட்டி, இரண்டு முதல் சுற்று பிக்குகளையும் சேர்த்து ஜூரூ ஹாலிடேயைக் கொண்டுவந்தார்கள். 2024ல் கோப்பை. நடுவரிசைச் சம்பளம் இரண்டு இல்லாவிட்டால் அந்த டிரேட் நடந்திருக்காது. அதே பாஸ்டன் 2025 கோடையில் இரண்டாவது ஏப்ரன் பாரம் தாங்காமல் ஹாலிடேயை போர்ட்லண்டுக்கும் போர்சிங்கிஸை அட்லாண்டாவுக்கும் அனுப்பியது. விலை அதுதான், ஆனால் கோப்பை கையில் இருந்தது.

உங்கள் குறைக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் டாலஸ், 2024 பிப்ரவரி. ரிச்சான் ஹோம்ஸ் அங்கே பெரிதாக ஆடவே இல்லை, ஆனால் அவர் சம்பளம் பொருத்துவதற்கு இருந்தது. அதோடு ஒரு முதல் சுற்று பிக் வைத்து டேனியல் கேஃபோர்டை வாங்கினார்கள். கிராண்ட் வில்லியம்ஸ், செத் கரி, 2027 பிக் ஆகியவற்றை வைத்து பி.ஜே. வாஷிங்டன் வந்தார். ஒரு வளையக் காவலர், ஒரு விங், அதாவது நீங்கள் கேட்கிற இரண்டேதான். அந்த வருடம் அவர்கள் ஃபைனல்ஸ் வரை போனார்கள்.

உங்களுக்குப் பொருந்தும் கூட்டல்: 14ம் 9ம் சேர்த்து 23. அதற்கு 22.5 வாங்கும் ஒரு விங், அல்லது 12 வாங்கும் சென்டரும் 10.5 வாங்கும் விங்கும். இரண்டாவது வடிவம்தான் எனக்குப் பிடிக்கும். இரண்டு குறையும் ஒரே தடவையில் தீர்கிறது, ஆள் எண்ணிக்கையும் 14லேயே நிற்கிறது. இரண்டுக்கு ஒன்று என்று போனால் 13 ஆகிவிடும். 14க்குக் கீழே தொடர்ந்து 14 நாள், சீசன் முழுவதும் 28 நாள்தான் அனுமதி. டிரேட் கணக்கில் பொருந்தியதும் மகிழ்ந்துவிட்டு, காலி இடத்தை நிரப்பும் செலவை எழுத மறக்கிறவர்கள் இங்கே ஏராளம்.

பிக்குகள் பற்றி. தொடர்ச்சியாக இரண்டு வருடம் முதல் சுற்று பிக் இல்லாமல் ஒரு அணி இருக்கக் கூடாது என்பது ஸ்டெபியன் விதி. 2027, 2029 போய்விட்டதால் 2026, 2028, 2030 மூன்றும் பூட்டு. 2031 அல்லது 2032, இரண்டில் ஒன்றை மட்டும் கொடுக்கலாம். ஆனால் 2028லும் 2030லும் இடமாற்று உரிமை (இரு அணி பிக்குகளில் நல்லதை எதிரணி எடுத்துக்கொள்வது) கொடுக்கத் தடையில்லை, ஏனென்றால் ஏதோ ஒரு பிக் உங்களிடம் இருக்கும். 2026 பிக்கை டிராஃப்ட் இரவில் ஆளை எடுத்த பிறகு அனுப்பலாம். நிக்ஸ் மிகல் பிரிட்ஜஸுக்காக 2025, 2027, 2029, 2031 பிக்குகளைக் கொடுத்து நடுவில் 2028க்கு இடமாற்று உரிமை வைத்ததும் இந்த விதியால்தான்.

இந்த ஒரு பிக்கை மாற்று சென்டருக்காக மட்டும் செலவழித்துவிடாதீர்கள். பிளேஆஃபில் 25 நிமிடம் ஆடக்கூடியவருக்கு மட்டுமே அது.

லெனேசியா ராஜன்

கணக்கு இருவரும் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். நான் ஆடுகளத்தைச் சொல்கிறேன். காகிதத்தில் டிரேட் பொருந்துவதும் ஆட்டத்தில் பொருந்துவதும் வேறு.

ஒரு ஆட்டத்துக்கு 240 நிமிடம். பிளேஆஃபில் மூன்று நட்சத்திரங்களும் 38 நிமிடம் ஆடினால் 114 போய்விட்டது. சென்டர் 32. மிச்சம் 94. அதை நான்கு அல்லது ஐந்து பேர் பகிர்வார்கள். ஆக நீங்கள் தேடுவது எட்டாவது, ஒன்பதாவது ஆளை. அவர் என்ன செய்ய வேண்டும் என்பதைவிட, அவரை வைத்து எதிரணி என்ன செய்ய முடியாது என்று கேளுங்கள். 2024ல் டாலஸுக்கு எதிராக ஓக்லஹோமா சிட்டியின் ஜோஷ் கிடியை யாரும் காவல் காக்கவில்லை. அவரைக் காக்க வேண்டிய எதிரணி ஆள் பெயின்ட்டுக்குள் (வளையத்தை ஒட்டிய பகுதி) நின்று எல்லோர் பாதையையும் அடைத்தார். ஆட்ட நேரம் சரிந்தது. அந்தக் கோடையில் கிடியைக் கொடுத்து அலெக்ஸ் கருசோவை வாங்கினார்கள். ஆளுக்கு ஆள், ஒரு பிக்கும் கைமாறவில்லை. திறமையை எடைபோட்டால் கிடி இளையவர், பந்தைக் கையாளுபவர். ஆனால் அந்த அணிக்கு ஏற்கெனவே பந்தைக் கையாள ஆள் இருந்தது. 2025ல் அவர்கள் சாம்பியன். உங்களிடமும் அதே கேள்வி: அந்த 14 மில்லியன் கார்டு பந்து கையில் இல்லாதபோது என்ன செய்கிறார்? நட்சத்திரங்கள் மூவரும் பந்தைக் கேட்பவர்களாக இருந்தால், நான்காவதாக அப்படி ஒருவருக்கு 14 கொடுப்பது வீண். அவரைத்தான் முதலில் அனுப்ப வேண்டும்.

பணமே தேவைப்படாத ஒரு திருத்தம் இருக்கிறது. 50, 43 இருவரும் சேர்ந்தே உட்காருகிறார்களா என்று பாருங்கள். முதல் குவார்ட்டரில் ஒருவரை ஐந்தாவது நிமிடத்திலேயே வெளியே எடுத்து, இரண்டாவது குவார்ட்டர் தொடக்கத்தில் மாற்று வரிசையோடு இறக்குங்கள். இருவரும் இல்லாத நிமிடம் பூஜ்யத்துக்கு அருகே வந்துவிடும். டென்வருக்கு யோகிச் உட்காரும் நிமிடங்கள் வருடக்கணக்கில் தலைவலி. அந்தப் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தை ஜெயிக்க வேண்டாம், மூன்று புள்ளிக்குள் தோற்றால் போதும் என்று வைத்துக்கொண்டாலே எந்த மாதிரி ஆள் தேவை என்பது மாறிவிடும். புள்ளி எடுப்பவர் தேவையில்லை. பந்தை விடாத, ஃபவுல் செய்யாத, ரீபவுண்டுக்கு உடம்பை வைத்து மறிக்கிற ஆள் போதும். அப்படிப்பட்ட மாற்று சென்டர் மினிமத்தில் கிடைப்பார். விங் கிடைக்க மாட்டார். ஆகவே பணமும் பிக்கும் விங்குக்கு, மினிமம் சென்டருக்கு.

வள்ளி அக்கா சொன்ன 12ம் 10.5ம் என்ற பிரிப்பில் எனக்கு உடன்பாடில்லை. 10.5க்குக் கிடைக்கும் விங் உங்களிடம் இருக்கும் 11 மில்லியன் விங்கைப் போலத்தான் இருப்பார். 22.5க்கு ஒரே விங்கை வாங்குங்கள்.

மலிவாக எடுக்கும் ஆளைப் பற்றி இன்னொன்று. அவர் நன்றாக ஆடினால் அடுத்த வருடம் இழப்பீர்கள். 2022ல் டென்வர் புரூஸ் பிரவுனை டாக்ஸ்பேயர் மிட்லெவலில், ஏறக்குறைய ஆறரை மில்லியனுக்கு எடுத்தது. 2023ல் கோப்பையை ஜெயித்தார்கள். ஒரு வருடம்தான் இருந்தார் என்பதால் டென்வருக்குப் பழைய சம்பளத்தில் 120 சதவீதம் கொடுக்கவே உரிமை, அதாவது எட்டு மில்லியனுக்குள். இந்தியானா இரண்டு வருடத்துக்கு 45 மில்லியன் கொடுத்து அழைத்துப்போனது. இரண்டு வருடம் வைத்திருந்தால் 175 சதவீதம் வரை அல்லது லீக் சராசரியின் 105 சதவீதம் வரை. மூன்று வருடம் என்றால் முழு பேர்ட் உரிமை (சொந்த ஆளைத் தக்கவைக்கும் விலக்கு), கேப் தடை இல்லை. அதனால் இளைஞர் என்றால் நீண்ட கான்ட்ராக்ட்டுக்குப் பேசுங்கள். இரண்டாம் சுற்று பிக் விலக்கில் மூன்று, நான்கு வருடம் கொடுக்கலாம், கடைசி வருடம் அணியின் விருப்பம். மிட்லெவலைத் தொடத் தேவையில்லை.

உங்கள் இரண்டு டிராஃப்ட் இளைஞர்களையும் டிரேட் துணுக்காகப் பார்க்காதீர்கள். பாஸ்டனில் பேட்டன் பிரிட்சர்டுக்கு 2023ல் நான்கு வருடம் 30 மில்லியன் கொடுத்தார்கள். 2025ல் சிறந்த ஆறாவது ஆட்டக்காரர் அவர்தான். லூ டார்ட் 2019ல் டிராஃப்ட் ஆகாமல் டூ-வேயில் (என்பிஏ அணிக்கும் அதன் கீழ்நிலை லீக் அணிக்கும் ஆடும் கான்ட்ராக்ட்) வந்தவர். மூன்று டூ-வே இடங்கள் கேப், டாக்ஸ், ஏப்ரன் எதிலும் ஏறாது. 50 ஆட்டம் வரை அணியில் இருக்கலாம். பிளேஆஃப் ஆட வேண்டுமானால் ரெகுலர் சீசன் முடிவதற்குள் சாதாரண கான்ட்ராக்ட்டுக்கு மாற்றியாக வேண்டும், அதற்கு பதினைந்தில் ஓர் இடம் காலியாக இருக்க வேண்டும். தேவா அண்ணா காலியாக வைக்கச் சொன்ன இடத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

சாட்ஸ்வொர்த் குணா (டர்பன்)

மூவருக்கும் மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். 32 மில்லியன் ஆளை விடுவித்து ஸ்ட்ரெட்ச் செய்தால் (பாக்கிச் சம்பளத்தைப் பல வருடங்களுக்குப் பரப்பினால்) இடம் பிறக்குமா? மில்வாக்கி லில்லார்டுக்கும் ஃபீனிக்ஸ் பீலுக்கும் செய்தார்களே. அடுத்து, பிப்ரவரியில் பயவுட் சந்தையில் (அணிகள் கணக்குத் தீர்த்து விடுவித்தவர்கள்) ஒரு சென்டரைப் பிடிக்கலாமா?

மாரிட்ஸ்பர்க் தேவா

ஸ்ட்ரெட்ச் வேண்டாம். அந்த இருவரையும் விடுவித்தது 2025 ஜூலையில். ஆகஸ்ட் முடிவதற்குள் விடுவித்தால்தான் நடப்பு சீசன் சம்பளமும் நீளும். இப்போது விடுவித்தால் இந்த வருட 32 அப்படியே நிற்கும். அடுத்த வருட 34 மட்டும் மூன்று வருடத்துக்குப் பரவும், வருடம் 11.3 மில்லியன், ஆடாத ஆளுக்கு. மில்வாக்கி லில்லார்டுக்காக ஐந்து வருடம், வருடத்துக்கு 22.5 மில்லியன் சுமக்கிறது. மைல்ஸ் டர்னரை வாங்க வேறு வழியில்லை என்று எடுத்த முடிவு அது. ஃபீனிக்ஸில் பீல் 13.9 மில்லியனை விட்டுக்கொடுத்த பிறகுதான் அது சாத்தியமானது. ஸ்ட்ரெட்ச் தொகை ஒரு சீசனில் கேப்பில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அவர்களிடம் பழைய ஸ்ட்ரெட்ச் பாக்கிகளும் இருந்தன. 2024-25ல் இரண்டாவது ஏப்ரனுக்கு மேலே உட்கார்ந்து, சம்பளத்தைக் கூட்ட முடியாமல், டிரேட் மறுப்பு உரிமை உள்ள கான்ட்ராக்ட்டோடு மாட்டிக்கொண்டு 36 வெற்றி, 46 தோல்வி என்று முடித்த ஃபீனிக்ஸை முன்மாதிரியாக எடுக்காதீர்கள். சீசன் முடிவில் அந்தக் கோட்டுக்கு மேலே இருந்தால் ஏழு வருடத்துக்கு அப்பால் உள்ள முதல் சுற்று பிக்கும் உறைந்துபோகும். இந்த சீசனுக்கு அது 2033 பிக்.

32 ஆளுக்குச் சரியான வழி டென்வர் 2025ல் காட்டியது. 38 மில்லியனுக்கு மேல் வாங்கிய மைக்கேல் போர்ட்டரையும் 2032 பிக்கையும் புரூக்ளினுக்குக் கொடுத்து, சுமார் 21 மில்லியன் வாங்கும் கேமரன் ஜான்சனை எடுத்தார்கள். கிடைத்த இடைவெளியில் வலான்சியூனஸ் வந்தார், புரூஸ் பிரவுனும் டிம் ஹார்டவேயும் மினிமத்தில் வந்தார்கள். உங்கள் எண்ணில் வைத்துப் பாருங்கள். 32ஐக் கொடுத்து 20 வாங்கினால் 187.3. டாக்ஸ் கோட்டுக்கே கீழே வந்துவிட்டீர்கள். முதல் ஏப்ரனுக்கு, போனஸைக் கழித்தால், 7.6 மில்லியன் இடம். பை-ஆன்னுவல் 5.134 இப்போது கிடைக்கும், போன வருடம் பயன்படுத்தாமல் இருந்தால். அதில் ஒரு சென்டரை எடுத்தால் 192.4, டாக்ஸ் 4.5 மில்லியன். இன்று கட்டுவது 12.9. ஆளும் கூடி, செலவும் குறைகிறது. பதிலுக்கு 195.945 உங்கள் ஹார்ட் கேப் ஆகிவிடும். ஜனவரி 10க்குப் பிறகு இந்த விலக்குகளும் நாளுக்கு நாள் தேயும், ஆகவே தாமதிக்க வேண்டாம்.

அந்த 20 மில்லியன்காரர் 32காரர் செய்வதில் பெரும்பகுதியைச் செய்கிறாரா என்பதை ராஜன் சொன்ன கண்ணால் பாருங்கள். இல்லையென்றால் இந்தக் கணக்கு அழகாக இருக்கும், அணி மோசமாகும்.

பயவுட் சந்தை உங்களுக்குப் பாதி மூடியது. முதல் ஏப்ரனுக்கு மேல் உள்ள அணி, சீசன் நடுவே விடுவிக்கப்பட்டவரின் பழைய சம்பளம் 14.104 மில்லியனைத் தாண்டியிருந்தால் அவரை எடுக்க முடியாது. கோடையில் விடுவிக்கப்பட்டவருக்கு இந்தத் தடை இல்லை. யூட்டா விடுவித்த ஜோர்டன் கிளார்க்சன் ஜூலையில் நிக்ஸுக்கு மினிமத்தில் வந்தது அப்படித்தான். 12 மில்லியன் வாங்கிய சென்டர் விடுவிக்கப்பட்டால் தாராளமாகக் கேளுங்கள். மார்ச் 1க்குள் அவர் விடுவிக்கப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் பிளேஆஃப் ஆட முடியாது.

ரோஸ் ஹில் வள்ளி (மொரிஷியஸ்)

ராஜன் சொன்னதை யோசித்தேன். மாற்று சென்டர் மினிமத்தில் என்றால் 22.5 விங்தான் சரி, ஒப்புக்கொள்கிறேன். அப்படிச் செய்தால் எண்கள் இப்படி வரும். 23 போய் 22.5 வந்தால் 198.8, 13 பேர், கார்டின் போனஸும் போய்விட்டது. காலக்கெடுவுக்கு மறுநாள் இரண்டு வெட்டரன்களை மினிமத்தில் எடுத்தால் தலைக்கு 0.87, ஆக 200.5. சம்பளம் கூட்டியதால் 207.824 ஹார்ட் கேப், இன்னும் 7.3 இடம் இருக்கிறது. டாக்ஸ் 17.3 மில்லியன் அளவில் நிற்கும். வாங்கும் விங்குக்கு அடுத்த வருடம் எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள், 34 பாக்கியோடு சேர்ந்தால் கோடையில் இரண்டாவது ஏப்ரன் வாசலில் நிற்க நேரும். தேவா அண்ணா சொன்ன 32-20 மாற்றத்தை அப்போது ஜூலையிலும் செய்யலாம். அதற்காக 2032 பிக்கை வைத்திருங்கள், இப்போது விங்குக்கு 2030 இடமாற்று உரிமையும் இரண்டாம் சுற்று பிக்குகளும் கொடுத்துப் பாருங்கள்.

நாட்கள்: கோடையில் கையெழுத்திட்ட பெரும்பாலோரை டிசம்பர் 15 முதல்தான் டிரேட் செய்யலாம். பேர்ட் உரிமையில் 20 சதவீதத்துக்கு மேல் உயர்வு வாங்கியவர்களுக்கு ஜனவரி 15. ஆகவே எதிரணியில் நீங்கள் குறிவைக்கும் விங் எந்த வகை என்று முதலில் பாருங்கள். டிரேட் காலக்கெடு பிப்ரவரி 5, அமெரிக்கக் கிழக்கு நேரம் மாலை 3 மணி. தைப்பூசக் காவடி முடிந்து நான்காம் நாள். டர்பனில் இரவு 10 மணி, எங்களுக்கு நள்ளிரவு. உங்கள் வட்டத்தில் கடைசி ஐந்து நிமிடத்தில் அனுப்பும் டிரேடில்தான் ஆள் எண்ணிக்கை தவறும், அதனால் 13 பேர் பட்டியலையும் எடுக்கப்போகும் இரண்டு மினிமம் பெயர்களையும் முந்தைய நாளே எழுதி வைத்துவிடுங்கள்.